அப்பாவுக்கு ஏற்ற எதிராளி: செஸ் இன்ஜினை மனுஷனாக்கப் பார்த்த கதை

போஸ்ட் மாஸ்டர் மாமா மகன் வீட்டோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்ட பிறகு அப்பாவுக்கு செஸ் ஆட ஆள் இல்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருவரும் இருபத்தைந்து வருடம் ஆடியிருக்கிறார்கள். மாமா எங்களுக்குச் சொந்தமெல்லாம் இல்லை; தபால் ஆபீஸில் இருந்தவர், அடுத்த தெரு, அவ்வளவுதான். இருவரும் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. ஆனால் அப்பா பல ஆட்டங்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டு பின்னால் வருகிறது.

முதலில் ஆன்லைனில் ஆள் பிடித்துக் கொடுத்தேன். மூன்று நாள் ஆடினார். "கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்தா எனக்கு யோசனையே வரலம்மா" என்று விட்டுவிட்டார். சரி, கம்ப்யூட்டரையே அவருக்கு ஏற்றாற்போல் குறைத்துவிடலாம், ஒரு சனி ஞாயிறு வேலை என்று நினைத்தேன். நான்கு மாதம் இழுத்தது. எது எங்கே சொதப்பியது என்று எழுதி வைக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு அந்த நான்கு மாதத்தில் மூன்று மாதமாவது மிச்சமாகும்.

தெரிந்தே தருகிறவன்

பழைய லேப்டாப்பில் உபுண்டு ஏற்கெனவே இருந்தது. ஸ்டாக்ஃபிஷ் 16 என்ற செஸ் இன்ஜின் ஒரே கட்டளையில் வந்து உட்கார்ந்தது. பலகையைக் காட்ட க்யூட் செஸ். செஸ் மென்பொருளில் யோசிக்கும் இன்ஜின் தனி, கண்ணில் படும் பலகை தனி. இரண்டும் யூசிஐ என்ற பொது மொழியில் பேசிக்கொள்ளும். 2000இல் ருடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலனும் வகுத்த இந்த மொழி வெறும் எழுத்து வரிகள்தான். "காய்கள் இப்படி நிற்கின்றன, யோசி" என்று பலகை ஒரு வரி அனுப்பும். "என் நகர்வு இது" என்று இன்ஜின் ஒரு வரி திருப்பி அனுப்பும். இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் பின்னால் நான் நடுவில் புகுந்து விளையாட முடிந்தது.

ஸ்டாக்ஃபிஷின் பலத்தைக் குறைக்க அதற்குள்ளேயே இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று ஸ்கில் லெவல், 0 முதல் 20 வரை. மற்றது ஈலோ எண்ணை, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் தரப்புள்ளியை, நேராகவே கொடுப்பது. 16ஆம் பதிப்பில் 1320இலிருந்து 3190 வரை கொடுக்கலாம். இந்த இரண்டாவது ஏதோ தனி வித்தை என்று நினைத்திருந்தேன். அது கொடுத்த ஈலோவை உள்ளுக்குள் ஸ்கில் லெவலாக மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

லெவல் 3 வைத்து அப்பாவை உட்கார வைத்தேன். முதல் பத்து நகர்வுக்கு "நல்லா ஆடுறானே" என்றார். பதினோராவது நகர்வில் அது குதிரையைக் கொண்டுபோய் அப்பாவின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வைத்தது. அப்பா கால் மணி நேரம் யோசித்தார். ஏதோ பொறி இருக்கிறது, எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். பொறி ஒன்றும் இல்லை. குதிரையை எடுத்தார், அப்புறம் இருபது நகர்வுக்கு அது மறுபடியும் பெரிய ஆட்டக்காரன் மாதிரியே ஆடியது. லெவலை 0க்கு இறக்கினேன். இந்தத் தடவை ராணியையே கொடுத்தது.

"ஏம்மா, மாமா குதிரைய விட்டாருன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும். என் யானைய அடிக்கணும்னே பாத்துக்கிட்டிருந்திருப்பாரு, இது கண்ணுல பட்டிருக்காது. இவன் என்னடான்னா தானமா தர்றான். ஜெயிச்சும் ஜெயிச்ச மாதிரியே இல்ல."

ஸ்டாக்ஃபிஷின் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. போய்ப் பார்த்தபோது அப்பா சொன்ன 'தானம்' அப்படியே அங்கே எழுதியிருந்தது. ஸ்கில் லெவல் போட்டால் இன்ஜின் குறைந்தது நான்கு நகர்வுகளை மதிப்பெண்ணோடு வரிசைப்படுத்திக்கொள்கிறது. லெவலோடு ஒன்று கூட்டினால் வரும் ஆழத்தை எட்டியதும் (ஆழம் என்றால் எத்தனை நகர்வு முன்னால் பார்க்கிறது என்பது; லெவல் 3க்கு ஆழம் 4) அந்த நான்கில் ஒன்றைப் பொறுக்குகிறது. பொறுக்குகிற விதம்தான் வேடிக்கை. 120இலிருந்து லெவலின் இரண்டு மடங்கைக் கழித்தால் வருவதற்கு 'பலவீனம்' என்று பெயர். லெவல் 3க்கு அது 114. முதல் நகர்வைவிட ஒரு நகர்வு எவ்வளவு மட்டமோ, அந்தப் பள்ளத்தில் 128க்கு 114 பங்கை இன்ஜினே நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் நான்கு நகர்வுக்கும் தாயக்கட்டை உருட்டி ஆளுக்கு ஒரு தொகை சேர்க்கிறது. அந்தத் தொகையின் உச்சம் கிட்டத்தட்ட ஒரு சிப்பாயின் மதிப்பு. கடைசியில் யார் மதிப்பெண் அதிகமோ அந்த நகர்வு.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிப்பாய் 100 என்று வைத்தால், குதிரையை இழக்கும் நகர்வு 300 பின்தங்கி நிற்கும். அதில் 267ஐ இன்ஜின் நிரப்பிவிட்டது. மிச்சப் பள்ளம் 33. தாயத்தில் விழுவது 0 முதல் 88 வரை. தாண்டிவிடலாம். ராணிக்கு 900, நிரப்பியது போக 98 மிச்சம், 88ஐ வைத்துக்கொண்டு தாண்ட முடியாது. லெவல் 0இல் பலவீனம் 120 ஆகிறது. ராணியின் பள்ளம் 56க்குச் சுருங்குகிறது, தாயமோ 93 வரை விழும். ஆக லெவல் 3இல் குதிரை போகும், ராணி போகாது. 0இல் ராணியும் போகும். அப்பா பலகையில் பார்த்ததும் இதுதான்.

இன்னொன்றும் புரிந்தது. நான்கு நகர்வும் ஏறக்குறைய சமமாக இருக்கிற இடத்தில் எதைப் பொறுக்கினாலும் ஆட்டம் நன்றாகவே இருக்கும். 'இதை விட்டால் வேறு வழியே இல்லை' என்ற இடத்தில்தான் சறுக்கும். மனுஷன் நேர் எதிர். வெட்டிய காயைத் திருப்பி வெட்டுவது மாதிரி ஒரே வழி இருக்கும் இடத்தில் குழந்தைகூடத் தப்பு செய்யாது. நாலு வழி இருந்து எல்லாமே சுமாராகத் தெரியும்போதுதான் நாம் கோட்டை விடுகிறோம்.

கிட்டப்பார்வை

தாயக்கட்டை வேண்டாம், பார்வையைக் குறைப்போம் என்று அடுத்த யோசனை. ஸ்கில் லெவலை 20க்கு ஏற்றிவிட்டு, க்யூட் செஸ்ஸில் ஆழத்தை 2 என்று கட்டினேன். இரண்டு நகர்வுக்கு மேல் பார்க்காதே என்று அர்த்தம். காகிதத்தில் அழகான யோசனை. பலகையில் அப்பா ஒரு வாரம் வரிசையாகத் தோற்றார்.

காரணம் இரண்டு. ஆழம் முடிந்த இடத்தில் ஸ்டாக்ஃபிஷ் சட்டென்று நிறுத்துவதில்லை. வெட்டு, திருப்பி வெட்டு என்று போய்க்கொண்டிருந்தால் அது ஓயும்வரை பார்த்துவிட்டுத்தான் கணக்கு முடிக்கும். அதனால் காயைச் சும்மா விடவே விடாது. இரண்டாவது காரணம் இன்னும் மோசம். 2020இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நிலையை மதிப்பிட அதற்குள் ஒரு நரம்பியல் வலை இருக்கிறது. தூரம் பார்க்காவிட்டாலும், எந்தக் கட்டம் நல்லது, எந்தச் சிப்பாய் பலவீனம் என்று அந்த வலைக்கு ஒரே பார்வையில் தெரியும். கண்ணாடியைக் கழற்றி வைத்த கிராண்ட்மாஸ்டர் மாதிரி. "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல, மெல்லக் கழுத்த நெரிக்கிறான்" என்றார் அப்பா.

எட்டாம் நாளிலிருந்து திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தார். ஆறு ஆட்டம் தொடர்ந்து. எனக்கு ஒரே சந்தோஷம். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஆறும் ஒரே ஆட்டம், முதல் நகர்விலிருந்து கடைசி செக்மேட் வரை. ஆழம் கட்டிவைத்து ஒரே இழையில் ஓடும் இன்ஜின், ஒரே நிலைக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும். ஒரு தடவை ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அதே வழியில் ஆறு தடவை உள்ளே போய் வந்திருக்கிறார். "அவன் மாத்தாதவரைக்கும் நான் ஏன் மாத்தணும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு மாதம் நிறுத்திவிட்டேன். ஆபீஸில் ரிலீஸ், அது இது. மண்டைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: மனுஷத் தப்பு என்றால் என்ன? 2006இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலோடு ஆடிய கிராம்னிக், அப்போதைய உலக சாம்பியன், ஒரே நகர்வில் வரப்போகும் செக்மேட்டைப் பார்க்காமல் ராணியை ஈ3க்கு நகர்த்தினார். அடுத்த நொடி எச்7இல் ராணி, ஆட்டம் முடிந்தது. அந்த ராணிக்குத் துணை நின்ற வெள்ளைக் குதிரை எஃப்8இல் இருந்தது. எச்7இல் மேட் என்றால் நம் கண் ஜி5லும் எஃப்6லும்தான் குதிரையைத் தேடும். எஃப்8இல் நிற்கும் குதிரை அந்த வேலையைச் செய்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. தெரிந்தே யாரும் தோற்பதில்லை. கண் போகாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே தோற்கிறோம். அந்தப் போகாத இடத்தைத் தாயக்கட்டையாலும் செய்ய முடியாது, ஆழத்தைக் குறைத்தும் செய்ய முடியாது.

மையா

இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு செய்த ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மையா என்று பெயர். டொராண்டோ பல்கலைக்கழகம், கார்னெல், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் 2020இல் வெளியிட்டது. லீலா செஸ் ஸீரோ இன்ஜினில் ஓடும் நரம்பியல் வலைதான். ஆனால் லீலா தனக்குத்தானே ஆடி, எது நல்ல நகர்வு என்று கற்றுக்கொண்டது. மையாவுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு: இந்த நிலையில் ஒரு மனுஷன் என்ன ஆடுவான்? லிசெஸ் தளத்தில் நிஜ ஆட்கள் ஆடிய ஆட்டங்களை, ஆடியவர்களின் தரப்புள்ளி வாரியாகப் பிரித்து, 1100, 1200 என்று 1900 வரை ஒன்பது வலைகள். ஒவ்வொன்றுக்கும் 1 கோடியே 20 லட்சம் ஆட்டங்கள். மனுஷன் ஆடப்போகும் நகர்வை நன்றாகப் போனால் பாதிக்குச் சற்று மேல் சரியாகச் சொல்கிறது. பாதிதானா என்று தோன்றும். ஒரே நிலையில் நானே இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றும் ஆடுவேன், அப்புறம் பாதிக்கு மேல் எப்படிப் போகும்?

லீலாவை மூலத்திலிருந்தே தொகுக்க வேண்டியிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்பதால் வெறும் பிராசசரில் ஓடும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். வேகம் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் மையாவைத் தேடவே விடக்கூடாது. 'ஒரே ஒரு கணு' என்று கட்டி ஓட்ட வேண்டும் (தேடலில் பார்க்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு கணு). அதாவது நிலையைப் பார்த்ததும் மனதில் முதலில் தோன்றுவதைச் சொல். கணுக்களை ஏற்றினால் தேடல் தலைதூக்கி, மனுஷத்தனம் கரைய ஆரம்பிக்கும்.

எந்த வலையை எடுப்பது? இங்கேதான் நோட்டு. அப்பாவின் பழைய நோட்டில் மாமாவோடு ஆடிய ஆட்டங்கள் இருந்தன. அதில் பதினொன்றை நிரலுக்குக் கொடுக்கலாம் என்று தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். அப்பா எழுதுவது பழைய முறை: 'பி-கே4' என்றால் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய் ராஜா வரிசையில் நாலாம் கட்டத்துக்கு. உலக செஸ் கூட்டமைப்பு 1981லேயே கைவிட்ட முறை. அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் மாறியிருக்கமாட்டார். இதில் ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளைக்குக் 'கே4' என்றால் ஈ4. கறுப்புக்கு அதே 'கே4' என்றால் ஈ5. இதை மறந்துவிட்டு இரண்டு சாயங்காலம் கறுப்பு நகர்வுகள் எல்லாவற்றையும் தப்பான பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். பைத்தான் நிரல்மொழியின் செஸ் நூலகம் "விதிப்படி இல்லாத நகர்வு" என்று கத்திக்கொண்டே இருந்தது. நான் நூலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்பாதான் எட்டிப் பார்த்து, "கறுப்புக்கு அந்தப் பக்கத்துலேர்ந்துல்ல எண்ணணும்" என்றார்.

பதினொரு ஆட்டத்திலும் மாமா ஆடிய நிலைகளை மட்டும் எடுத்து, வெவ்வேறு மையா வலைகளிடம் "நீ என்ன ஆடுவாய்?" என்று கேட்டேன். மாமாவோடு அதிகம் ஒத்துப்போனது 1500. வித்தியாசம் சின்னதுதான், பதினொரு ஆட்டத்தை வைத்து ஆணித்தரமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆட்டத்தில் மாமா தன் பிஷப் மாட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அப்பாவின் ராஜாவுக்கு செக் கொடுக்கிறார். மையாவின் முதல் விருப்பமும் அதே செக். அதைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் உடம்பு சிலிர்க்கவும் செய்தது.

கூட்டம் செய்யாத தப்பு

மையா 1500ஐ நேராகப் பலகையில் மாட்டினேன். அன்று சாயங்காலம் அப்பா சொன்ன முதல் வார்த்தை: "இது ஆளு." காபி ஆறிப்போனது, அம்மா திட்டினாள்.

நாலாம் நாள் இரண்டு குறை வந்தது. ஒன்று, பழையபடி ஒரே நிலைக்கு ஒரே பதில். மற்றது, எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடுகிறது. 1500 தரப்புள்ளி ஆட்களிடம் கற்றது 1500 தரப்புள்ளி ஆள் மாதிரி ஆடவேண்டும் அல்லவா? யோசித்தால் காரணம் சாதாரணம். மையா தருவது அந்த நிலையில் அதிகம் பேர் ஆடக்கூடிய நகர்வு. நல்ல நகர்வு என்றால் நாற்பது பேர் அதில் ஒன்றுகூடுவார்கள். தப்பு ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொரு தப்புக்கும் இரண்டு பேர், மூன்று பேர்தான் தேறுவார்கள். ஓட்டெடுப்பு நடத்தினால் ஜெயிப்பது நல்ல நகர்வுதான். எப்போதும் முதல் விருப்பத்தையே ஆடும் மையா, 1500 தரப்புள்ளி ஆள் ஒருவரைக் காட்டவில்லை. அந்தத் தரப்புள்ளி ஆட்களின் பஞ்சாயத்தைக் காட்டுகிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து. முதல் விருப்பத்தை எடுக்காமல், சதவிகிதப்படி குலுக்கல் போடுவது. ஒரு நகர்வுக்கு 40 சதவிகிதம் என்றால் நூறு தடவையில் நாற்பது தடவை அது வரட்டும். லீலாவிலேயே இதற்கு ஒரு திருகு இருக்கிறது, ஆனால் அது தேடலில் எந்த நகர்வு எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்பதை வைத்துக் குலுக்குகிறது. ஒரே கணுவில் ஓட்டும்போது பார்க்கப்பட்டதே ஒன்றுமில்லை, திருகு சும்மா சுற்றுகிறது. இது புரிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வேறு வழியில்லாமல் பலகைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பைத்தானில் ஒரு தரகரை எழுதினேன். பலகையிடம் "நான்தான் இன்ஜின்" என்பார்; பின்னால் லீலாவிடம் கேட்டு, குலுக்கல் போட்டு, பதிலைத் திருப்பித் தருவார். எழுதி முடித்து மாட்டினால் க்யூட் செஸ் அப்படியே உறைந்து நின்றது. டெர்மினலில் ஓட்டினால் நன்றாகப் பேசுகிறது, பலகையோடு மட்டும் மௌனம். பைத்தான் எழுதும் வரிகளை உடனே அனுப்பாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். டெர்மினல் என்றால் வரிக்கு வரி அனுப்பும், இன்னொரு நிரல் என்றால் மூட்டை நிரம்பட்டும் என்று காத்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஃப்ளஷ் செய்ய, அதாவது உடனே அனுப்ப, சொல்ல வேண்டும். பலகை தரகரின் "தயார்" வரிக்குக் காத்திருக்கிறது, அந்த வரி தரகரின் பையிலேயே கிடக்கிறது. யூசிஐ தரகர் எழுதும் யாரும் இதில் ஒரு தடவை விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

சதவிகிதங்களை வாங்குவதில் இன்னொரு சிக்கல். லீலாவை 'நகர்வு விவரங்களை விரித்துச் சொல்' என்று கேட்டால், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி வீதம் கொட்டும். பைத்தான் நூலகத்தில் சுலபமான வழியில் கேட்டால் அந்த வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசி வரி மட்டும் மிஞ்சும். வரி வரியாக வரும்போதே பிடித்துக்கொள்ளும் வழியில் கேட்டால்தான் எல்லாம் கிடைக்கும்.

குலுக்கல் வேலை செய்தது, அளவுக்கு மீறியே. மூன்றாவது ஆட்டத்தில் காரணமே இல்லாமல் யானையை ஓரத்தில் போய் உட்கார வைத்தது. பழைய தானம் திரும்பிவிட்டது. ஒரு நிலையில் அரை சதவிகிதம், ஒரு சதவிகிதம் என்று பத்துப் பதினைந்து உப்புப்பெறாத நகர்வுகள் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஐந்து சதவிகிதம் என்று வைத்தாலும், நாற்பது நகர்வு ஆட்டத்தில் சராசரியாக இரண்டு தடவை அந்தக் குப்பையில் கை போய்விடும். 5 சதவிகிதத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்துக்குள் குலுக்கச் சொன்னேன். அதோடு தானம் நின்றது. தப்பு நிற்கவில்லை. பிஷப்பைக் கவனிக்காமல் செக் கொடுக்கிற அந்த மாதிரித் தப்பு வந்துகொண்டே இருந்தது. அதுதான் வேண்டும்.

அப்புறம் நேரம். அப்பா பத்து நிமிடம் யோசித்து ஆடுவார். மையா கண் சிமிட்டும் முன் பதில் வைக்கும். "என்ன மதிக்கவே மாட்டேங்கிறான்" என்றார். இரண்டு நொடி தாமதம் வைத்தேன். எல்லா நகர்வுக்கும் சரியாக இரண்டு நொடி என்றால் அது இன்னும் இயந்திரமாகத் தெரிந்தது. சதவிகிதங்கள்தான் கையில் இருக்கின்றனவே! முதல் விருப்பத்துக்கு 90 சதவிகிதம் என்றால் அது யாருக்கும் தெரிந்த நகர்வு, இரண்டு நொடியில் ஆடு. நாலைந்து நகர்வுகள் சமமாகப் பிரிந்து நின்றால் ஆள் திணறும் இடம், முப்பது நொடி வரை போ. இத்தனை வேலையில் அப்பாவுக்கு அதிகம் பிடித்தது இந்த நாலு வரி நிரல்தான். "யோசிக்கிறான்" என்று சொல்லி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

கடைசிக்கட்ட ஆட்டம் சரிப்படவே இல்லை. ஒரு யானை அதிகம் வைத்துக்கொண்டும் மையா ஜெயிக்கத் தெரியாமல் அங்கும் இங்கும் அலையும். ஒவ்வொரு நகர்வையும் புதிதாகப் பார்க்கிறது, நேற்றைய திட்டம் இன்றைக்கு நினைவில் இல்லை. காய்கள் குறைந்ததும் ஸ்டாக்ஃபிஷிடம் ஒப்படைத்துவிடலாம் என்று செய்து பார்த்தேன். "கடைசில வேற எவனோ வந்து உக்காந்துட்டான்" என்று அப்பா இரண்டாம் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். இப்போதைக்கு ஒரு சமரசம்: மையா நன்றாக முன்னணியில் இருந்தால் மட்டும், மையாவின் 5 சதவிகிதப் பட்டியலுக்குள் எது தேவலை என்று ஸ்டாக்ஃபிஷை லேசாகக் கேட்டுக்கொள்கிறது. பட்டியலுக்கு வெளியே போகக் கூடாது. சில நேரம் இன்னும் அலைகிறதுதான். மாமாவும் கடைசிக்கட்டத்தில் அப்படி ஒன்றும் கில்லாடி இல்லை.

போன மாதம் அப்பா புதிதாக ஒரு குறை சொன்னார். ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டால் மையா தாராளமாக மாற்றிக்கொள்கிறது. மாமா ஒருநாளும் மாற்றமாட்டார். "ராணி போனப்புறம் என்னய்யா ஆட்டம்" என்று பின்வாங்கிக்கொண்டே போவார். நோட்டில் தேடினேன், உண்மைதான்: பதினொரு ஆட்டத்தில் ராணி மாற்றம் நடந்தது ஒன்றில், அதுவும் அப்பா செக் கொடுத்து மாற்றியே தீர வேண்டிய நிலையில். தரகருக்குள் ஒரு வரி சேர்த்தேன். ராணியை ராணி வெட்டும் நகர்வாக இருந்தாலோ, எதிர் ராணி வெட்டும்படி தன் ராணியை விட்டுவைக்கும் நகர்வாக இருந்தாலோ, அதன் சதவிகிதத்தை ஐந்தில் ஒன்றாக்கு. அப்பாவிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் அப்பா ராணியை நீட்டினார். திரை பதினெட்டு நொடி யோசித்தது. ராணி இரண்டு கட்டம் பின்னால் போனது. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு தடவை திரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் ராணியை மறுபடி அதன் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். அது மறுபடி ஓடியது. இப்படி மூன்று தடவை துரத்தி, ராணியைப் பலகையின் மூலைக்கே தள்ளிவிட்டு, சும்மா நின்ற இரண்டு சிப்பாய்களை எடுத்துக்கொண்டு ஜெயித்தார்.

நோட்டில் ஏழாவது ஆட்டம், பதினாறாம் நகர்விலிருந்து பார்த்தால், மாமாவை அடித்ததும் இப்படித்தான்.